கூடாரக் கயிற்றின் மறுமுனை பிள்ளையின் கையில் இருக்கட்டும்

நானும் மகனும் முதன்முதலாகக் கூடாரம் போட்ட அன்று 7 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டேன். தரையைப் பார்த்தேன், கல்லைப் பொறுக்கி எறிந்தேன், துணியை விரித்தேன், கம்பியைச் செருகினேன், முளை அடித்தேன், கயிற்றை இழுத்துக் கட்டினேன். பட்டாளத்தில் பழகிய கை, தானாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தால், 14 வயது மகன் கையில் ஒற்றை முளையோடு நின்றுகொண்டிருந்தான். எங்கே அடிப்பது என்று அவன் கேட்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "அதான் நீங்களே போட்டுட்டீங்களேப்பா" என்று முளையைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு கல்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். மிச்சமிருந்த இரண்டு நாளும் அவன் அந்தக் கல்லை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனோடும் அவன் தங்கையோடும் பலமுறை போய்வந்தாயிற்று. மற்ற பட்டாளத்துக் குடும்பங்களோடு சேர்ந்தும் போயிருக்கிறேன். பணியிலிருந்து திரும்பி, பதின்ம வயதுப் பிள்ளையோடு முதல்முறை முகாமுக்குக் கிளம்பப் போகிற பட்டாளத்துக்காரர்கள் என்னைப் போல் தொடங்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் 'அப்பா' என்று எழுதுகிற இடத்தில், அம்மா பட்டாளத்தில் இருக்கிற வீட்டுக்காரர்கள் 'அம்மா' என்று படித்துக்கொள்ளுங்கள். விஷயம் ஒன்றுதான்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். நம் சிக்கல், பிள்ளை தோளுக்கு மிஞ்சுகிற வருஷங்களில்தான் நாம் வீட்டில் இருப்பதில்லை. கிளம்பும்போது மார்பளவு இருந்தவன் திரும்பும்போது நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். நாமோ மார்பளவுப் பிள்ளைக்கு என்று பேசி வைத்த பேச்சையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குள் இதைச் சரிசெய்வது கஷ்டம். நாம் இல்லாமலே ஓடிப் பழகிய வீடு அது. எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, ராத்திரி யார் கதவைச் சாத்துவது என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டிருக்கும். வெளியிடத்தில் அப்படி எதுவும் கிடையாது. தண்ணீர் எடுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், இருட்டுவதற்குள் படுக்க இடம் தயாராக வேண்டும். பேச்சே இல்லாமல் சேர்ந்து செய்ய அங்கே வேலை இருக்கிறது. முகாமின் பலன் பாதிக்குமேல் அதில்தான்.

எப்போது போவது

திரும்பி வந்த கையோடு போகாதீர்கள். 2001-இல் அமெரிக்க ராணுவ மனநல மருத்துவர்கள் சிலர், படைப்பணிக்குப் போய்வருகிறவர்களின் குடும்பத்து மனநிலையை 5 கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள்: கிளம்புவதற்கு முன், கிளம்பிய முதல் மாதம், பிரிவு பழகிப்போன நடுக்காலம், திரும்புவதற்கு முந்திய கடைசி மாதம், திரும்பிய பின். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு அவர்கள் கணக்கிட்டது 3 முதல் 6 மாதம். வீட்டுக்கு வந்துவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பது நாம் மட்டும்தான். முதல் சில வாரம் எல்லோரும் எல்லோரிடமும் பவ்வியமாக இருப்பார்கள். அப்புறம் உரசல் தொடங்கும். அந்தப் பவ்வியத்தின் நடுவில் முகாமுக்குப் போனால் விருந்தாளியோடு போன மாதிரி இருக்கும்.

என் கணக்கு இது: முதல் மாதம் எங்கும் போக வேண்டாம். இரண்டாவது மாதத்தில் ஓர் இரவு. அது ஒழுங்காகப் போனால் அதற்கடுத்த மாதத்தில் இரண்டு இரவோ மூன்று இரவோ. அடுத்த போஸ்டிங்குக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது வழியனுப்பு விழாவாகத் தோன்றும்.

நீங்கள் இன்னும் வெளியில்தான் இருக்கிறீர்கள், திரும்ப 4 மாதம் இருக்கிறது என்றால் இப்போதே ஒரு வேலை செய்யலாம். இருவரும் ஒரே நீளத்துக்கு ஒரு கயிற்றுத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பில் வாரம் ஒரு முடிச்சு. முதலில் நீங்கள் சொல்லிக்கொடுங்கள், அடுத்த வாரம் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கூடாரக் கயிற்றுக்கு, தேவைப்படும்போது நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சு ஒன்று உண்டு: கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, நீண்டு போகும் கயிற்றின் மேல் உட்பக்கமாக இரண்டு சுற்று, அப்புறம் அதற்கு வெளியே ஒரு சுற்று, இறுக்கம். கையால் தள்ளினால் நகரும், காற்று இழுத்தால் நகராது. என் மகள் இதை என்னைவிட வேகமாகப் போடுவாள். "பரீட்சை எப்படி எழுதின" என்பதற்கு 'ம்' மட்டும் வருகிற அழைப்பில், முடிச்சு அவிழ்ந்துபோனால் சிரிப்பு வரும்.

கூப்பிடுவது எப்படி

"சனிக்கிழமை காலைல 5 மணிக்குக் கிளம்பறோம், ரெடியா இரு" என்பது உத்தரவு. அதற்குப் பிள்ளை வரும். ஆனால் வந்தது உடம்பு மட்டும்தான் என்று போன பிறகு தெரியும்.

இரண்டு மூன்று இடங்களையும் இரண்டு தேதிகளையும் முன்னால் வைத்து, தேர்வு செய்வதைப் பிள்ளையிடம் விடுங்கள். நண்பனின் பிறந்தநாளோ விளையாட்டுப் போட்டியோ இருக்கிற வாரத்தில் வைத்துவிட்டு 'குடும்பம்தான் முக்கியம்' என்று பேசாதீர்கள். நாம் இல்லாத நாளில் கூட இருந்தவர்கள் அந்த நண்பர்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், கோபப்படாமல் "சரி, ஒரு ராத்திரி மட்டும் வந்து பார். பிடிக்கலைன்னா மறுநாள் காலைல திரும்பிடலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். பல பயணங்கள் அங்கேதான் பிழைக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று தெரிந்த பிள்ளை பெரும்பாலும் திரும்பக் கேட்பதில்லை.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் முதல்முறை தனித்தனியாக அழைத்துப் போவது நல்லது. இருவரையும் சேர்த்து அழைத்துப் போனால் அவர்கள் ஒரு கட்சி, நீங்கள் எதிர்க்கட்சி.

வீட்டில் இருந்து எல்லாவற்றையும் சுமந்தவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, படைவீரர்களின் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் அவர்களோடு வீட்டில் இருந்த பெற்றோரையும் கேட்டது. 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், எல்லோரும் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான இலவச முகாம் ஒன்றுக்கு விண்ணப்பித்தவர்கள். வயது கூடிய பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சிரமம் அதிகம் என்று தெரிந்தது. பிரிந்திருந்த மாதங்கள் கூடக்கூடப் பிரச்சினைகளும் கூடின. வீட்டில் இருந்தவரின் மனநிலை தளர்ந்திருந்த இடங்களிலும் அப்படித்தான். ஆகவே நீங்களும் பிள்ளையும் கிளம்பும் இரண்டு நாள் அவருக்கு ஓய்வாக அமைய வேண்டும். "அவங்களுக்கு என்னென்ன எடுத்து வைக்கணும்" என்று அவரை மூட்டை கட்டவைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. அவர் போட்டு வைத்திருக்கும் விதிகளை முகாமில் போய்த் தளர்த்தி நல்லபேர் வாங்கவும் பார்க்காதீர்கள். பிள்ளைக்கே அது பிடிக்காது.

தனியாகவா, ஏற்பாடு செய்த முகாமா

உங்களுக்கு மலையும் காடும் பழக்கம் என்றாலும், முதல்முறை ஏற்பாடு செய்யப்பட்ட முகாமுக்கே என் ஓட்டு. காரணம் எளிது. அங்கே பயிற்சி தர வேறொருவர் இருப்பார். நீங்கள் பிள்ளையோடு சேர்ந்து மாணவராக நிற்கலாம். மேலதிகாரியாக மட்டுமே பார்த்துப் பழகிய அப்பா கயிற்றுப் பாலத்தில் கால் நடுங்கி நிற்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். இன்னொன்று, மற்ற பட்டாளத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். 3 பள்ளிக்கூடம் மாறியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

இது புதிய யோசனையும் இல்லை. கடற்போரில் மூழ்கிய கப்பல்களின் இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்கக் கற்க வேண்டும் என்று 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனக்காரர் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கியதுதான் அவுட்வர்ட் பவுண்ட் என்ற பயிற்சிப் பள்ளி. இன்றைய வெளியிடப் பயிற்சிகள் பலவற்றுக்கு அது முன்னோடி. அமெரிக்காவில் தேசிய ராணுவக் குடும்பச் சங்கம் 2004 முதல் 'ஆபரேஷன் பர்ப்பிள்' என்ற பெயரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு இலவச முகாம் நடத்துகிறது. எல்லாப் படைகளின் நிறங்களையும் கலந்தால் ஊதா என்பது பெயரின் பின்னால் இருக்கிற கணக்கு. உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா என்று உங்கள் படைப்பிரிவின் குடும்பநல அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றாலும் மலையேற்றக் குழுக்கள், சாரணர் இயக்கம் என்று வேறு வழிகள் இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை சில. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? வெளியிட முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எப்போதும் உடன் இருப்பாரா? யாருக்காவது அடிபட்டால் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேரலாம்? இரவில் யார் யார் எங்கே படுப்பார்கள்? ஒவ்வாமை, ஆஸ்துமா, மாத்திரை பற்றிப் படிவம் வாங்குகிறார்களா? கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் தேவையில்லை' என்று பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு பதில் வந்தது. கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிவிட்டேன்.

பெற்றோரும் பிள்ளையும் முழு நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி அட்டவணை போட்டிருக்கும் முகாமும் சரிப்படாது. பகலில் பிள்ளைகள் தனியே, பெரியவர்கள் தனியே கொஞ்ச நேரம் பிரிந்திருந்தால்தான் சாயங்காலம் சொல்ல ஏதாவது இருக்கும்.

மூட்டை

பிள்ளையின் பையைப் பிள்ளையே கட்டட்டும். பட்டியலை நீங்கள் கொடுக்கலாம், கட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம். நாம் சுமந்த சுமையை நினைத்துக்கொண்டு பிள்ளை முதுகில் ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, வளர்கிற பிள்ளைக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது பொதுவான அளவு. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 5 முதல் ஏழரைக் கிலோ. மிச்சத்தை நீங்கள் தூக்குங்கள், அதைச் சொல்லிக்காட்டாமல்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். குதிகாலில் லேசாகச் சூடு தெரியும்போதே நின்று டேப் ஒட்டினால் கொப்புளம் வராது. ஆனால் பதின்ம வயதுப் பிள்ளை அதை உங்களிடம் சொல்லாது, 'தாங்கலையா' என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். அதனால் முதல் முக்கால் மணிநேரத்தில் நீங்களே நின்று, உங்கள் ஷூவைக் கழற்றி, உங்கள் காலைப் பாருங்கள். பிள்ளையும் பார்க்கும். உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி படுக்கைக்கு என்று தனியாக இருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்ப் பொருள்கள், தேதி எதுவாக இருந்தாலும், பட்டியலிலேயே இருக்க வேண்டும். டார்ச், சோப்பு மாதிரி அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். மகளோடு போகிற அப்பாக்கள் இதில் கூச்சப்பட்டால் அந்தக் கூச்சம் மகளுக்கும் தொற்றும்.

நடுத்தரமான நடைக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் இன்னும் கூட. ஓடைத் தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

உபயோகமில்லாத பொருள் ஒன்று எடுத்துவரப் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள். என் மகன் ஒருமுறை கிரிக்கெட் பந்து கொண்டுவந்தான். மழையில் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்த மூன்று மணிநேரமும் அந்தப் பந்துதான் ஓடியது. போன் விஷயத்தில் ஒரே விதி போதும்: உங்களுக்கு என்னவோ அதுவே பிள்ளைக்கும். நீங்கள் படைப்பிரிவின் குழுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே 'போனைக் கீழே வை' என்றால் எடுபடாது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டருகிலேயே ஒருமுறை கூடாரத்தைப் போட்டுப் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை உங்களிடம், மறுமுனை பிள்ளையிடம். 7 நிமிட வேலை 40 நிமிடம் ஆகும். ஆகட்டும். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு தந்திரம் உண்டு: கையில் முளைகளை வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுப்பேன்.

வரைபடத்தைக் கொடுத்துவிடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பாதை தெளிவாக உள்ள, பாதுகாப்பான ஒரு நாள் நடையில் வரைபடமும் திசைகாட்டியும் பிள்ளையின் கையில். நீங்கள் பின்னால்.

முந்தைய இரவே இருவரும் சேர்ந்து கணக்குப் போடலாம். 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணிநேரம். 8 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 2 மணி 6 நிமிடம். அது நிற்காமல் நடக்கிற தேர்ந்த ஆளுக்கு. பையும் சுமந்து, ஷூவைக் கழற்றி, பூச்சியைப் பார்த்து நடக்கிற நமக்கு 3 மணிநேரம், மூன்றரைகூட ஆகலாம். எவ்வளவு ஆகும் என்று பிள்ளை சொல்கிற நேரத்தை எழுதிவைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது கடினமான பகுதி. பிள்ளை தவறான கிளையில் திரும்பும். உங்களுக்கு அது தெரியும். 20 ஆண்டுப் பழக்கம் தொண்டைவரை வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். என் மகன் ஒருமுறை ஓடையின் வலக்கரையில் போக வேண்டியவன் இடக்கரையில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் போய்விட்டான். பின்னால் நடந்த நான் என் ஷூவையே பார்த்துக்கொண்டு நடந்தேன். திடீரென்று நின்றான். வரைபடத்தைத் திருப்பினான், நிமிர்ந்து மலைச்சரிவைப் பார்த்தான், மறுபடி திருப்பினான். "அப்பா, நாம தப்பா வந்துட்டோம்னு நெனைக்கிறேன்." நான் சொன்னது "எப்படிக் கண்டுபிடிச்ச?" மட்டும். அவன் காட்டினான்: வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் செங்குத்து, ஆனால் இங்கே வலப்பக்கம் தட்டையாக இருக்கிறதே என்று. "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்று கேட்டான். தெரியும் என்றேன். பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பான். "அப்புறம் ஏன் சொல்லல?" "நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்." அரை கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். அந்தத் தூரத்தில் அவன் பேசிய பேச்சு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வீட்டில் பேசியதைவிட அதிகம்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது என்றில்லை. எதெல்லாம் உங்கள் முடிவு என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். என் பட்டியல் சின்னது. ஆற்றைக் கடப்பது, நெருப்பு, மின்னல், உயரம், இருட்டுவதற்குள் திரும்புவது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடியோ அதற்குக் குறைவோ என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்கோ காருக்கோ போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கிற உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. குளிர் எவ்வளவு இருந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்போ கரித்தணலோ கூடாது, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாடையில்லாமல் கொல்லும். இந்த ஐந்தில் வாதாடுவதற்கு இடமில்லை என்று முன்பே சொல்லிவிட்டால், மற்றதிலெல்லாம் அதன் இஷ்டம் என்பது பிள்ளைக்கும் புரியும். கழிப்பிடத்துக்குத் தண்ணீரிலிருந்து 70 காலடியாவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரத்தையும் பிள்ளைக்குக் கொடுங்கள். சிரிக்க ஒரு விஷயமாவது கிடைக்கும்.

பேச்சு எங்கிருந்து வரும்

முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து 'மனசு விட்டுப் பேசு' என்றால் வராது. நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, விளக்கை அணைத்த கூடாரத்தில் வரும். இருவர் கண்ணும் வேறு எங்கோ இருக்க வேண்டும். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்கிற மாதிரி, உங்கள் பிள்ளைக்கு எது வசதி என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

படிப்பு, மதிப்பெண், எதிர்காலம் ஆகிய மூன்றும் முகாமில் வேண்டாம். கேள்வியைக் குறைத்து, உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். வீரக்கதை வேண்டாம். நீங்கள் பயந்தது, சொதப்பியது, ராத்திரிக் காவலில் தூக்கம் சொக்கியது. பணியில் நடந்ததைப் பற்றிப் பிள்ளை நேராகக் கேட்டால், சொல்லக்கூடியதை உண்மையாகச் சொல்லலாம். மற்றதற்கு "அதைப் பத்தி இப்ப என்னால பேச முடியல, பேச முடியறப்ப சொல்றேன்" என்பது கௌரவமான பதில். எதையாவது புனைந்து சொல்லி மழுப்பாதீர்கள்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். பெரும்பாலும் இரண்டாம் இரவு. எங்களுக்கு அது இப்படி வந்தது: விளக்கை அணைத்துப் படுத்து வெகுநேரம் கழித்து, "என் கால் உடைஞ்சப்ப நீங்க வரல" என்றான். லீவு கிடைக்காத கதை என் நாக்கு நுனியில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், அம்மா நூறு தடவை சொல்லியிருப்பாள். அதனால், "ஆமா. வரல. அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்றேன். 40 நிமிடம் சொன்னான். எந்தப் படியில் வழுக்கியது, எக்ஸ்ரே எடுக்கும்போது எவ்வளவு குளிராக இருந்தது, மாவுக்கட்டில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், அதில் எனக்காக ஓர் இடம் விட்டு வைத்திருந்தது, கட்டு பிரிக்கும்வரை அது காலியாகவே இருந்தது. நான் சரி சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பேசவும் முடியவில்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். இதற்கு இன்னொரு வகையும் உண்டு: ஆள் இருக்கிறார், மனம் இங்கே இல்லை. முதல் வகையைத்தான் நாம் யோசிக்கிறோம். திரும்பி வந்த பின், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நம்மைப் பிள்ளைகள் அனுபவிப்பது இரண்டாவது வகை.

உங்கள் தூக்கம், பிள்ளையின் தூக்கம்

பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் அவர்களுக்கு ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணிநேரம் தூக்கம் தேவை. ஆகவே காலை 5 மணிக்குக் கூடாரத்தைத் தட்டாதீர்கள். பிள்ளை எழுந்திருக்கும்வரை கிடைக்கிற இரண்டு மணிநேரம் உங்களுக்கு. தண்ணீர் கொதிக்க வையுங்கள், உட்காருங்கள்.

உங்களுக்குக் கெட்ட கனவு வருமா, சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுமா? முதல் இரவுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "ராத்திரி நான் கத்தினா பயப்படாதே, தொட்டு எழுப்பாதே, தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடு." பிள்ளைக்கு இது பாரமாகாது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பாரம். படுக்கும் இடத்தில் வாசல் பக்கம் நீங்கள் இருப்பது உங்களுக்கு நிம்மதி என்றால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் மது வேண்டாம். கனவுகள் அடிக்கடி வந்தாலோ, கோபம் கையை மீறினாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ முகாமுக்கு முன்பு மருத்துவரைப் பாருங்கள். முகாம் சிகிச்சை இல்லை. அதேபோல, பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ வாழப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால், தனியே விடாதீர்கள். பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு உதவி தேடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

புகைப்படங்களைப் பிள்ளையிடம் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். கூடாரத்தில் கேட்டதை வீட்டில் எடுத்துப் பேசவும் வேண்டாம், உங்கள் துணைவரிடம்கூட, பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தாலொழிய. அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்க அவசரமும் இல்லை. மாதம் ஒரு நடை போதும், அரை நாள், வரைபடத்தோடு.

கூடாரத்தை மறுநாளே விரித்துக் காயவைத்துவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து, அந்த வாடை போகவே போகாது. இதுவும் இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறினால்தான் மண் போகும். முளைகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்று குறையும். எங்கே போனது என்று தேடுவது, இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது இரண்டும் இப்போது மகனின் இலாகா.